பிழை ஓரிடம், சுட்டுவது வேறிடம்

பழைய தமிழ் நூல்களை வாங்கிப் புரட்டும் பழக்கமுடையவர்கள், புத்தகத்தின் முதலிலோ இறுதியிலோ 'பிழை திருத்தம்' என்ற தலைப்புடன் ஒரு தாள் சேர்க்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். பக்கம் இன்னது, வரி இன்னது, பிழை இன்னது, திருத்தம் இன்னது என்று அதில் வரிசையாக அச்சிட்டிருக்கும். அத்தாளிலேயே வரி எண் தவறாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? வாசகர் குறிப்பிட்ட வரிக்குச் சென்று தேடுவார். அங்கே பிழை இராது. தம் கண்ணில்தான் கோளாறோ என்று ஐயுறுவார். சிலர் சரியாக இருக்கும் சொல்லையே பிழையெனக் கருதி அடித்துத் திருத்தியும் விடுவர். உண்மைப் பிழையோ வேறொரு வரியில் அப்படியே நிற்கும். பிழையைச் சொல்லாமல் விடுவதைக் காட்டிலும், பிழை இருக்குமிடத்தை மாற்றிச் சொல்வது சில வேளைகளில் பெருந்தீங்காக முடியும்.

இதனை இங்கே எடுத்துக் கூறக் காரணம் உண்டு. பெங்களூர், ஹைதராபாத், புனே ஆகிய நகரங்களிலும், தில்லியை அடுத்த குருகிராம், நொய்டா முதலிய இடங்களிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கம்ப்யூட்டர்த் துறையில் உத்தியோகம் பார்ப்பவர் ஒருவரேனும் இருப்பதைக் காண்கிறோம். இரவு வெகுநேரம் விளக்கை அணைக்காமல் திரையை உற்று நோக்கிக்கொண்டிருக்கும் மகனையோ மருமகளையோ பார்த்து, "அப்படி என்னதான் வேலை?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. "பிழை தேடுகிறேன்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். அந்தத் தேடலில் ஒரு பகுதி, பிழை மறைந்திருப்பதால் நேர்வதன்று. பிழையைக் காட்டவேண்டிய கருவி இடத்தைத் தவறாகக் காட்டுவதால் நேர்வது. இத்தவறு ஏன் உண்டாகிறது, எவ்வாறு திருத்தப்படுகிறது, நம் தமிழ் எழுத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பஞ்சுத்தூசு என்னும் கருவி

கம்ப்யூட்டருக்கு இடும் ஆணைகளை ஒழுங்குபட எழுதிய எழுத்துப் பிரதிதான் புரோகிராம் எனப்படுவது. நாம் கட்டுரை எழுதினால் அச்சகத்தில் புரூப் பார்ப்பவர் ஒருவர் இருப்பதுபோல, புரோகிராமுக்கும் பிழை பார்க்கும் கருவிகள் உண்டு. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஜான்சன் என்பவர், 'சி' என்னும் மொழியில் எழுதப்படும் புரோகிராம்களைச் சோதிக்க 1978-இல் ஒரு கருவியைச் செய்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'லிண்ட்' என்பது. துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பஞ்சுத்தூசு என்பது அச்சொல்லின் பொருள். துணியைத் தட்டித் தூசு நீக்குவதுபோலப் புரோகிராமில் ஒட்டியுள்ள சிறு குற்றங்களை நீக்குவது அதன் பணி. இன்று மொழிதோறும் அத்தகைய கருவிகள் பெருகிவிட்டன. ஜாவாஸ்கிரிப்டு மொழிக்கு நிக்கலஸ் சக்காஸ் என்பவர் 2013-இல் தொடங்கிய 'இ.எஸ்.லிண்ட்' அவற்றுள் பலரும் அறிந்த ஒன்று.

இக்கருவிகளுள் பல கட்டளை வரியிலிருந்து இயங்குவன. படங்களும் பொத்தான்களும் இல்லாத கறுப்புத் திரையில் கருவியின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டச்சுச் செய்து விசையை அழுத்தினால், கருவி அக்கோப்பை முற்றும் படித்துவிட்டுத் தன் முடிபுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டும். ஒவ்வொரு முடிபிலும் நான்கு செய்திகள் இருக்கும்: கோப்பின் பெயர், எத்தனையாவது வரி, அவ்வரியில் எத்தனையாவது எழுத்து, குற்றம் யாது என்பன. இவற்றுள் நடுவிலுள்ள இரண்டு எண்களே இங்கு நம் ஆராய்ச்சிக்குரியவை. பத்தாயிரம் வரிகள் கொண்ட கோப்பில் பிழையிடத்துக்கு வழிகாட்ட அவ்விரண்டு எண்களைத் தவிர வேறு துணை இல்லை.

ஓரெழுத்துக்கு ஓரிடம்

எத்தனையாவது எழுத்து என்று எண்ணுவது குழந்தையும் செய்யும் வேலையாயிற்றே, அதில் யந்திரம் தவறுவானேன் என்ற ஐயம் எழலாம். அதற்கு விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

திரைகள் வழக்கத்துக்கு வருமுன், புரோகிராம்களைத் துளையிட்ட அட்டைகளில் எழுதினார்கள். ஐ.பி.எம். நிறுவனம் 1928-இல் கொண்டுவந்த அட்டையில் 80 நிரைகள் இருந்தன. ஒரு நிரையில் ஓரெழுத்து, அதற்குமேல் இல்லை. ஃபோர்ட்ரான் மொழியில் எழுதுவோர் 72-ஆம் நிரையோடு வாக்கியத்தை நிறுத்திக்கொண்டு, 73 முதல் 80 வரையுள்ள இடத்தை அட்டைகளின் வரிசை எண்ணுக்கு ஒதுக்கிவைத்தார்கள். அட்டைகள் கைதவறிக் கொட்டிவிட்டால் மீண்டும் அடுக்குவதற்கு அவ்வெண் உதவிற்று. 14-ஆம் நிரையில் பிழை என்று சொன்னால், அட்டையைக் கையிலெடுத்து 14-ஆம் நிரையை விரலால் தொட்டுக் காட்டிவிடலாம்.

பிறகு 1963-இல் 'ஆஸ்கி' என்னும் எழுத்துக் குறியீட்டுமுறை அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. ஆங்கில எழுத்துக்கள், எண்கள், குறிகள் எல்லாம் சேர்ந்து 128-க்குள் அடங்கிவிட்டன. ஆகவே ஓரெழுத்துக்கு ஒரு பைட்டு போதுமாயிற்று. அட்டையில் ஒரு நிரை, நினைவகத்தில் ஒரு பைட்டு, திரையில் ஓரிடம், வாசிப்பவர் கண்ணுக்கு ஓரெழுத்து என்று நான்கும் ஒன்றாகவே இருந்தன. நான்கும் ஒன்றாயிருந்த காரணத்தால், எதை எண்ணுகிறோம் என்று கேட்க வேண்டிய தேவையே அக்காலத்தவர்க்கு ஏற்படவில்லை. இன்று வழங்கும் கருவிகள் பலவற்றின் உள்ளே அந்தப் பழைய எண்ணம் இன்னும் ஒளிந்திருக்கிறது.

தமிழ் புகுந்தவுடன்

உலக மொழிகள் யாவற்றின் எழுத்துக்களுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறையின் முதற் பதிப்பு 1991-இல் வெளிவந்தது. தமிழ் அதில் அப்போதே இடம்பெற்றுவிட்டது. அவ்வெண்களைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் யூ.டி.எஃப்.-8 என்னும் முறையைக் கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவரும் 1992-இல் வகுத்தனர். அம்முறையில் ஆங்கில எழுத்து பழையபடி ஒரு பைட்டிலேயே அடங்கும். நாம் நாள்தோறும் வழங்கும் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும்.

இதனோடு இன்னொரு நுட்பமும் சேர்கிறது. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்கள். யூனிகோடு இந்த 247-க்கும் தனித்தனி எண் தரவில்லை. அகரமேறிய மெய்க்கு ஓர் எண்; அதன்மேல் ஏறும் புள்ளிக்கும், கால், கொம்பு முதலிய குறிகளுக்கும் வேறு எண்கள். ஆகவே 'கொ' என்பது பள்ளிப் பிள்ளைக்கு ஓரெழுத்து, யூனிகோடுக்கு இரண்டு குறியெண்கள், யூ.டி.எஃப்.-8 கணக்கில் ஆறு பைட்டுகள். அதே 'கொ'வை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வருமாறு எழுதிவைக்கவும் யூனிகோடு இடங்கொடுக்கிறது. அப்படி வைத்தால் மூன்று குறியெண்களும் ஒன்பது பைட்டுகளும் ஆகும். திரையிலோ இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதன் விளைவைப் பார்ப்போம். பைத்தான் மொழியில், 'அச்சிடு' என்று பொருள்படும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். அச்சொல்லுக்குப் பின் ஓர் அடைப்புக்குறி, ஒரு மேற்கோள் குறி, 'வணக்கம்' என்ற தமிழ்ச் சொல், மூடும் மேற்கோள், காற்புள்ளி, ஓர் இடைவெளி. அதன்பின் நான்கு ஆங்கில எழுத்துக்களாலான ஒரு பெயர். இறுதியில் மூடும் அடைப்புக்குறி. அந்தப் பெயரைத் தட்டச்சுச் செய்தவர் எழுத்து மாற்றி அடித்துவிட்டார். கருவி அதனைக் கண்டுபிடித்துவிட்டது. பிழையான பெயர் எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது?

தமிழ் இலக்கண வழியே எண்ணினால் 'வணக்கம்' ஐந்தெழுத்து. அப்பெயர் 16-ஆவது இடத்தில் தொடங்கும். யூனிகோடுக் குறியெண்களை எண்ணினால் 'வணக்கம்' ஏழு. அப்பெயர் தொடங்குவது 18-ஆவது இடத்தில். பைட்டுகளை எண்ணினால் 'வணக்கம்' இருபத்தொன்று. அப்பெயர் தொடங்குவது 32-ஆவது இடத்தில். ஒரே வரி, ஒரே பிழை. விடைகளோ 16, 18, 32 என மூன்று. மூன்றும் தத்தம் கணக்கில் சரியே. ஆனால் அந்த வரி முழுவதிலும் குறியெண்கள் 22-தாம் இருக்கின்றன. 32-ஆவது இடத்தில் பிழை என்று கருவி கூறினால், வரி முடிந்த பிறகு இருக்கும் வெற்றிடத்தைச் சுட்டுகிறது என்று பொருள்.

இது வெறுங்கற்பனை அன்று. பைத்தான் மொழி, தான் படித்த புரோகிராமைப் பகுத்துத் தரும்போது ஒவ்வோர் உறுப்பும் வரியில் எங்கே தொடங்குகிறது என்பதைப் பைட்டுக் கணக்கிலேயே தருகிறது. அதுவும் பூஜ்யத்திலிருந்து எண்ணி. இதனை அம்மொழியின் விளக்க ஏடே தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆனால் அதன்மேல் கருவி செய்பவர், அவ்வெண்ணை எழுத்துக் கணக்கு என்று எண்ணி அப்படியே அச்சிட்டுவிடுவது எளிது. ஆங்கிலம் மட்டும் உள்ள கோப்புக்களில் பல்லாண்டு சோதித்தாலும் இத்தவறு வெளிப்படாது. ஒரு தமிழ்ச் சொல்லோ இந்திச் சொல்லோ வரியில் நுழைந்தவுடனேதான் குட்டு வெளிப்படும்.

இதனைத் திருத்தும் வழி மிகச் சுருக்கமானது. பைத்தான் தரும் எண் 31 என்றால், வரியை யூ.டி.எஃப்.-8 பைட்டுகளாக வைத்து, முதல் 31 பைட்டுகளை மட்டும் வெட்டியெடுத்து, அவற்றை மீண்டும் எழுத்துக் குறிகளாக மாற்றி எண்ண வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 10 ஆங்கிலக் குறிகளும் 7 தமிழ்க் குறிகளும் ஆக 17 வரும். மனிதர் ஒன்றிலிருந்து எண்ணுபவர் ஆதலால் ஒன்று கூட்டினால் 18. திருத்தம் ஒரே வரி. அதனை எங்கே செய்ய வேண்டும் என்று அறிவதே அரிது.

தரைத்தளமும் முதல் மாடியும்

எழுத்துக் கணக்கைப் போலவே இடத்தைப் புரட்டிவிடும் வேறு காரணங்களும் உண்டு.

முதலாவது, எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது. நம் நாட்டில் தெருவோடு ஒட்டியிருப்பது தரைத்தளம். அதற்கு மேலுள்ளதே முதல் மாடி. அமெரிக்காவிலோ தெருவோடு ஒட்டியிருப்பதையே முதல் தளம் என்பார்கள். இங்கிருந்து அங்குச் செல்பவர் இரண்டாம் தளத்தில் இருக்கும் நண்பரைத் தேடி ஒரு மாடி கூடுதலாக ஏறிவிட நேரும். ஜாவாஸ்கிரிப்டு மொழியின் பகுப்பு முறையில் வரிகள் 1-இலிருந்தும், வரிக்குள் இடங்கள் 0-இலிருந்தும் எண்ணப்படுகின்றன. எடிட்டர்களும் கருவிகளும் உரையாடுவதற்கு வகுத்த பொது நெறியிலோ இரண்டுமே 0-இலிருந்து. மனிதருக்குக் காட்டும்போது இரண்டும் 1-இலிருந்து. இவற்றிடையே ஒருவர் ஒன்று கூட்ட மறந்தாலும், இருவர் தனித்தனியே ஒன்று கூட்டிவிட்டாலும் சுட்டு ஓரிடம் தள்ளிவிடும்.

இரண்டாவது, டேப் என்னும் தாவு விசை. அது கோப்பில் ஒரு குறிதான். திரையிலோ எட்டு இடங்கள்வரை தாண்டிவிடும். கருவி அதனை ஒன்றாக எண்ணி, பிழையின் அடியில் அம்புக்குறி போட முற்பட்டால், அம்பு பிழைக்கு வெகு முன்னதாகவே விழுந்துவிடும்.

மூன்றாவது, வரி முடிவு. யூனிக்ஸ் வழியில் வரி முடிவுக்கு ஒரு குறி. விண்டோஸ் வழியில் இரண்டு குறிகள். கோப்பின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது குறி என்று எண்ணும் கருவி, வரி முடிவை எப்போதும் ஒன்றாகவே கொண்டால், வரிக்கு ஒன்றாகக் கணக்குக் குறைந்துகொண்டே வரும். 200-ஆம் வரியை அடையும்போது 199 இடங்கள் பிசகியிருக்கும். கோப்பின் தலைப்பில் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருக்கும் மூன்று பைட்டு அடையாளக் குறி ஒன்றும் உண்டு. அது முதல் வரியின் கணக்கை மட்டும் கெடுக்கும்.

நான்காவது, ஒன்றினுள் ஒன்று பொதிந்த எழுத்து. பைத்தானில் மேற்கோளுக்குள்ளேயே கணக்கீட்டைப் பொதிந்து எழுதும் வசதி உண்டு. முன்பு அந்த உட்பகுதியைத் தனியே பிரித்தெடுத்துப் பகுத்தார்கள். தனியே எடுத்ததனால் அது தன் சொந்த இருப்பிடத்தை இழந்துவிட்டது. அதிலுள்ள பிழைகளுக்குச் சரியான இடம் சொல்வது கடினமாயிற்று. 2023-இல் வெளிவந்த 3.12-ஆம் பதிப்பில் அவ்வுட்பகுதியையும் மொழியின் பொது இலக்கணத்தோடு சேர்த்தே பகுக்கும்படி செய்தார்கள். அதன்பின் இடமும் துல்லியமாயிற்று.

தெரிந்த இடமும் பிறந்த இடமும்

எண்ணிக்கை முற்றும் சரியாக இருந்தும் சுட்டுவது பயன்படாமற் போகும் நிலையும் உண்டு. ஒருவர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தார் என்று வைத்துக்கொள்வோம். கருவி படித்துக்கொண்டே செல்கிறது. அடுத்த வரி தொடங்கி, அங்கே வரக்கூடாத சொல் வந்த பிறகே அதற்குக் குற்றம் புலப்படுகிறது. உடனே அந்த அடுத்த வரியைச் சுட்டி, "இலக்கணப் பிழை" என்கிறது. அவ்வரியில் ஒரு குற்றமும் இல்லை. புதிதாகக் கற்கும் மாணவர் அதையே பத்துமுறை படித்துப் பார்த்துக் கலங்கிப் போவார்.

பைத்தானில் இக்குறை நெடுங்காலம் இருந்தது. 2021-இல் வெளிவந்த 3.10-ஆம் பதிப்பில், திறந்த அடைப்புக்குறி மூடப்படவேயில்லை என்று கூறி, திறந்த இடத்தையே சுட்டுமாறு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு வந்த 3.11-ஆம் பதிப்பில், புரோகிராம் ஓடும்போது தடைப்பட்டால் வரியை மட்டும் சொல்லாமல், அவ்வரியில் எந்தப் பகுதி தடைக்குக் காரணம் என்று அடிக்கோடிட்டுக் காட்டவும் செய்தார்கள். நோய் தெரியும் இடம் ஒன்று, நோய் பிறந்த இடம் ஒன்று என்பதை நல்ல வைத்தியர் அறிவர். கருவி செய்பவர்க்கும் அவ்வறிவு வேண்டும்.

வெட்டு தவறினால்

சுட்டுவிரல் தவறுவதால் நேரம் வீணாகும். அவ்வளவுதானே என்று சிலர் நினைக்கலாம். முன்பு அவ்வளவுதான். இன்று இக்கருவிகள் பிழையைச் சொல்வதோடு நிற்பதில்லை. ஆணையிட்டால் தாமே திருத்தியும் விடுகின்றன. இன்ன இடத்திலிருந்து இன்ன இடம்வரை உள்ளதை நீக்கி, இதனை இடு என்பதே அவற்றின் வேலைமுறை. இடம் தவறினால் நீக்கக்கூடாததை நீக்கிவிடும். மூன்று பைட்டுகளாலான தமிழ்க் குறியின் நடுவே வெட்டு விழுந்தால் அவ்வெழுத்து சிதைந்து, அதனிடத்தில் கறுப்புச் சாய்சதுரத்துள் கேள்விக்குறி ஒன்று தோன்றும். வங்கியின் அறிவிப்போ, ஆஸ்பத்திரியின் மருந்துக் குறிப்போ, ரயில் நிலையத்து அறிவிப்புப் பலகையோ தமிழில் காட்டவேண்டிய ஒரு புரோகிராமில் இவ்வாறு நேர்ந்தால், அதனைப் படிக்கப்போகும் முதியவர்க்கு அதன் காரணம் விளங்குமா? தன் மொழியை எழுதியதால்தான் கோளாறு வந்தது என்று இளம் பொறியாளர் ஒருவர் எண்ணி, இனி ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்வோம் என்று ஒதுங்கிவிட்டால் அது இன்னும் பெரிய நஷ்டம். குற்றம் தமிழெழுத்தின்மேல் இல்லை. எண்ணத் தெரியாத கருவியின்மேல் உள்ளது.

திருத்துவோர் கைக்கொள்ளும் முறை

அநுபவமுடையவர்கள் இத்தகைய குறையைத் திருத்தும்போது முதலில் பிழையைச் சின்னஞ்சிறு கோப்பாகச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஆயிரம் வரியில் தோன்றும் பிசகை ஒரே வரியில் தோன்றச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்து, எவ்வளவு பிசகியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒன்று பிசகினால் எண்ணத் தொடங்கிய இடத்தில் ஐயம். ஏழின் மடங்காகப் பிசகினால் டேப் மேல் ஐயம். தமிழ்க் குறி ஒன்றுக்கு இரண்டு வீதம் பிசகினால் பைட்டுகளை எண்ணியிருக்கிறார்கள் என்பது உறுதி. நம் எடுத்துக்காட்டில் 18-க்குப் பதில் 32 வந்தது. வேற்றுமை 14, அதாவது ஏழு குறிகளுக்கு இரண்டு வீதம். டேப் இல்லாத வரியாதலால் ஐயத்துக்கு இடமில்லை.

அதன்பின், கருவிக்குள் எந்த அளவையைக் கையாள்வது என்று ஒன்றை முடிவு செய்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி நம் நாட்டில் தசம நாணயம் வந்தபோது, ஓர் அணாவுக்கு ஆறே கால் நயா பைசா என்று கடைகள்தோறும் மாற்றிக் கணக்குப் பார்த்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் மாற்றிக்கொண்டிருந்தால் காலும் அரையும் கரைந்துவிடும். முழுவதையும் ஒரே நாணயத்தில் வைத்துக்கொண்டு, வெளியே கொடுக்கும்போது மட்டும் மாற்றுவதே அறிவுடைமை. கருவிக்கும் அதே விதி பொருந்தும்: உள்ளே ஓரளவை, மனிதருக்கு எழுதிக் காட்டும்போதும், எடிட்டருக்கு அனுப்பும்போதும் வாயிலில் ஒரேயொரு மாற்றம்.

வாயிலில் நிற்பவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். எடிட்டர்களுக்கும் கருவிகளுக்கும் 2016-இல் ஏற்பட்ட பொது நெறி, யூ.டி.எஃப்.-16 என்னும் வேறோர் அளவையில் எண்ணுகிறது. பெரும்பாலான தமிழ்க் குறிகளுக்கு அதில் ஒன்றே கணக்கு. ஆயின் முந்திரி, காணி, மா முதலிய நம் பழைய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோடில் சேர்ந்தன. அவற்றுக்குப் பைட்டுக் கணக்கில் நான்கு, யூ.டி.எஃப்.-16 கணக்கில் இரண்டு. 320-இல் ஒரு பங்கைக் குறிக்கும் முந்திரிக் குறி, இக்கணக்கில் ஒன்றாக இராமல் இரண்டாகி நிற்பது வேடிக்கைதான்! 2022-இல் வந்த 3.17-ஆம் பதிப்பில், எந்த அளவையில் எண்ணுவது என்று எடிட்டரும் கருவியும் தொடக்கத்திலேயே பேசி முடிவு செய்துகொள்ள அந்நெறி வழிவகுத்தது.

கடைசியாக, திருத்தம் பிறரைப் பாதிக்கிறதா என்று பார்க்கிறார்கள். பழைய தவறான எண்ணையே நம்பி வேறு புரோகிராம்கள் எழுதப்பட்டிருக்கும். ஜி.சி.சி. என்னும் புகழ்பெற்ற கம்பைலர் நெடுங்காலம் பைட்டுகளையே எண்ணிவந்தது. 2021-இல் வெளிவந்த 11-ஆம் பதிப்பில் டேப்பையும் எழுத்தின் அகலத்தையும் கருதித் திரையில் தோன்றும் இடத்தைச் சொல்லுமாறு மாற்றினார்கள். அதே வேளையில், பழைய கணக்கு வேண்டுவோர் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும் வழி வைத்தார்கள்.

திருத்தம் முடிந்த பின், அச்சிறு கோப்பைச் சோதனைத் தொகுப்பில் நிலையாகச் சேர்த்துவிடுவது வழக்கம். பின்னொரு நாள் வேறொருவர் கைபட்டு அதே பிழை திரும்பி வந்தால், சோதனை உடனே எச்சரிக்கும். அத்தொகுப்பில் தமிழ் வரி ஒன்றும், டேப் உள்ள வரி ஒன்றும், விண்டோஸ் வரிமுடிவுள்ள கோப்பு ஒன்றும் இருத்தல் நலம்.

நம் இளைஞர்க்குரிய பணி

இக்கருவிகளுள் பல, மூலப் பிரதியை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைத்திருப்பவை. குறை கண்டவர் யாராயினும் முறையாக எழுதித் தெரிவிக்கலாம். திறமையுள்ளவர் திருத்தத்தையும் சேர்த்து அனுப்பலாம். அதற்குப் பெரிய பட்டமோ பதவியோ வேண்டுவதில்லை. கருவியின் பதிப்பு எண், பிசகைக் காட்டும் ஒரு வரிக் கோப்பு, கருவி சொன்ன இடம், சொல்லியிருக்க வேண்டிய இடம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். "சரியாக வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுவதால் பயன் இல்லை.

ஆங்கிலம் மட்டும் எழுதுவோர் கண்ணில் இப்பிழைகள் எளிதில் படமாட்டா. அவர்களுக்கு எழுத்தும் பைட்டும் இன்றும் ஒன்றே. தமிழும் இந்தியும் வங்காளமும் எழுதுவோர்க்கே இவை முதலில் புலப்படும். தில்லியிலும் பெங்களூரிலும் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் வேறொரு மொழியும், அலுவலகத்தில் ஆங்கிலமுமாகப் பழகுகிறார்கள். ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் அளவை மாறும் என்பது அவர்களுக்குப் புதிதன்று. ஆதலால் இவ்வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது.

அடுத்த முறை வீட்டிலிருக்கும் பிள்ளை திரைமுன் அமர்ந்து, "கருவி காட்டும் வரியில் பிழையே இல்லையே!" என்று அலுத்துக்கொண்டால், பெரியவர்கள் அருகே சென்று, "அந்த வரியில் தமிழ் இருக்கிறதா? கருவி எழுத்தை எண்ணுகிறதா, பைட்டை எண்ணுகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்தால் அதை ஒரு வரிக் கோப்பாக்கிக் கருவியைச் செய்தவர்க்கு எழுதச் சொல்லுங்கள். அவ்வொரு திருத்தம், நாளை தமிழில் எழுதப்போகும் பிள்ளைகள் பலரின் வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.